தைராய்டு மாத்திரைக்கு நான் சொன்ன பத்தியம்

மருந்துக்கடையிலும் ஆஸ்பத்திரி ஜன்னலிலும் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஓய்வுபெற்ற ஒரு கம்பவுண்டர் எழுதுகிறேன். கம்பவுண்டர் என்ற சொல்லைக் கேட்டால் உங்களில் பாதிப் பேருக்குச் சிரிப்பு வரும். இப்போது நீங்களெல்லாம் பார்மசிஸ்ட். பெயர் மாறியிருக்கிறது, நாக்கு மாறவில்லை. அந்த நாக்கைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

போன வாரம் என் மனைவிக்குத் தைராய்டு மாத்திரை வாங்கப் போனேன். கடையிலிருந்த பெண் மாத்திரையோடு அச்சடித்த தாள் ஒன்றையும் நீட்டினாள். முட்டைக்கோஸ் கூடாது, காலிஃபிளவர் கூடாது, சோயா கூடாது, வேர்க்கடலை கூடாது, மரவள்ளிக்கிழங்கு கூடாது, கேழ்வரகு கூடவே கூடாது. கீழே ஒரு பூப்படம் வேறு. "யாரும்மா எழுதினது இது?" என்றேன். "நெட்லருந்து எடுத்ததுதான் சார். எல்லாரும் பத்தியம் கேக்கறாங்க, சும்மா அனுப்ப முடியுமா?" என்றாள். சிரித்த முகம். நல்ல பெண்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. நாலு பேர் முன்னால் அவளைத் திட்டிவிட்டு வந்தேன். எதற்காகத் திட்டினேன் என்று அவளுக்குப் புரிந்திருக்காது. திட்டு வாங்கியிருக்க வேண்டியவன் வேறொருவன்.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு டாக்டரம்மா. பெயர் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மெட்ராஸில் படித்தவர், அதிகம் பேசமாட்டார். யார் வந்து "பத்தியம் இன்னாம்மா?" என்று கேட்டாலும் "ஒண்ணும் இல்ல, எல்லாம் சாப்பிடு" என்பார். எங்கள் ஜனங்களுக்கு அது ஆகாது. பத்தியமில்லாத மருந்து மருந்தே இல்லை. எல்லாம் தின்னலாம் என்றால் அந்த மாத்திரையில் சத்து இல்லை என்று அர்த்தம். டாக்டரம்மாவிடமிருந்து ஜன்னலுக்கு வரும்போதே முகம் தொங்கிப்போய் வருவார்கள்.

அந்தக் குறையை நான் தீர்த்துவைத்தேன். சொறிமருந்து வாங்கினவனுக்குக் கத்திரிக்காயும் கருவாடும் கூடாது என்றேன். இருமல் மருந்துக்குத் தயிரை நிறுத்தினேன். வயிற்றுவலிக்குப் பரங்கிக்காய் கூடாது என்று ஒருநாள் சொன்னேன். ஏன் பரங்கிக்காய் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. சொன்னதும் அந்த ஆள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது பாருங்கள், அதற்கு அடிமையாகிவிட்டேன். "டாக்டரம்மா மருந்து எயுதும், கொணமாக்கறது கம்பவுண்டர்தான்" என்று ஊரில் பேச்சு. சந்தையில் பார்த்தால் துண்டைத் தோளிலிருந்து எடுப்பார்கள். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. தலை நிற்குமா?

காவாந்தண்டலத்துக் காலனியிலிருந்து கன்னியம்மா என்ற பெண்ணை அவள் மாமியார் ஒருநாள் அழைத்துவந்தாள். கூலிவேலைக்காரக் குடும்பம். கன்னியம்மாவுக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். முகம் உப்பி, குரல் கம்மி, முடி கொட்டி, கேட்ட கேள்விக்குப் பதில் வர அரை நிமிஷம் ஆகும். களை எடுக்கப் போனால் வரப்பிலேயே தூங்கிவிடுவாளாம். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. "தூங்குமூஞ்சிய கட்டிவெச்சி என் புள்ளைய பேஜார் பண்ணிட்டாங்க" என்று மாமியார் அவளை வைத்துக்கொண்டே சொன்னாள். டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார், கணுக்காலில் தட்டிப் பார்த்தார், மெட்ராஸுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தார். அங்கே ரத்தம் பார்த்து, தைராய்டு சுரப்பு குறைவு, ஆயுள் முழுக்க தினம் ஒரு மாத்திரை என்று எழுதியனுப்பினார்கள். டாக்டரம்மா பத்துக் கடிதம் போட்டு அந்த மாத்திரையை எங்கள் ஜன்னலுக்கே வரவழைத்தார். மாதாமாதம் வந்து கவரில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் கவரை வாங்கின அன்று கன்னியம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை.

"இன்னாம்மா?" என்றேன்.

"காலீல வெறும் வவுத்துல போட்டுக்கோ, அப்பால எல்லாம் துன்னுன்னு சொல்லிச்சி டாக்டரம்மா. ஆயிசு பூரா போடற மாத்திரைக்கு ஒரு பத்தியமும் இல்லியா சார்?"

நியாயமான கேள்விதான் அவளைப் பொறுத்தவரை. விருந்தும் மருந்தும் மூணு நாள் என்று வளர்ந்தவள். ஆயுள் முழுக்க ஒரு மருந்து என்றால் அதற்குத் தகுந்த பெரிய பத்தியம் வேண்டாமா? மாமியாரும் பின்னாலிருந்து என்னைப் பார்க்கிறாள். "இரு" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அறையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துவந்தேன். கழுத்துக் கழலை பற்றிய பக்கத்தில் சில உணவுகளின் பெயர் இருந்தது. அளவுக்கு மீறித் தின்றால், அதுவும் அயோடின் சத்து இல்லாத ஊரில், சுரப்பியைக் கொஞ்சம் தடுக்கும் என்று எழுதியிருந்தது. மாத்திரை சாப்பிடுகிறவர் இதற்காகச் சோற்றைத் தள்ள வேண்டியதில்லை என்று அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் புரட்டவில்லை. எனக்கு வேண்டியது ஒரு பட்டியல், அது கிடைத்துவிட்டது.

முட்டைக்கோஸ் என்றேன். அதை அவள் வாழ்நாளில் இரண்டு தரம் தின்றிருப்பாளோ என்னவோ. மரவள்ளி என்றேன். வேர்க்கடலை என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கிக்கொண்டு வந்தாள். கடைசியில், பட்டியல் சின்னதாக இருக்கிறதே என்று, "கேழ்வரகு தொடவே கூடாது" என்று குரலை ஏற்றிச் சொன்னேன். மாமியார் தலையாட்டினாள். இப்போதுதான் அது மருந்தாயிற்று.

மாத்திரை வேலைசெய்தது. மூன்று மாதத்தில் முகம் வற்றியது, குரல் திரும்பியது. இந்தப் பெண் சிரிப்பாள் என்றே அதுவரை எங்களுக்குத் தெரியாது. ஜன்னலில் நின்று வாயாட ஆரம்பித்துவிட்டாள். அந்த வருஷம் ஏரி நிறைந்திருந்தது, கூலியாக நெல் கிடைத்தது, வீட்டில் சோறு. பத்தியம் காப்பது ஒரு கஷ்டமாகவே இல்லை. வருஷம் திரும்புவதற்குள் கர்ப்பமானாள். மாமியார் வாழைப்பழத்தோடு வந்து கும்பிட்டது யாரை? மெட்ராஸுக்குப் பத்துக் கடிதம் எழுதிய டாக்டரம்மாவையா? என்னை. நானும் நின்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்த பருவத்தில் மழை பொய்த்தது. ஏரியில் மாடு மேய்ந்தது. கிணறு வைத்திருந்தவர்கள் மட்டும் கேழ்வரகும் வேர்க்கடலையும் போட்டார்கள். கூலிவேலைக்குப் போனால் காலையில் வயலில் ஊற்றுவது கேழ்வரகுக் கூழ், சாயங்காலம் முந்தானையில் அளந்து போடுவதும் கேழ்வரகுதான். காலனியில் அரிசி வெந்து மாதக்கணக்காயிற்று. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் அந்த வயல்களைப் பார்த்துக்கொண்டுதான் போனேன். நான் சொன்ன பத்தியத்துக்கும் கன்னியம்மாவின் வாய்க்கும் நடுவே அந்த வயல் இருக்கிறது என்று மட்டும் தோன்றவில்லை.

இங்கே நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்து நாட்டு வைத்தியத்தில் பத்தியம் முறிந்தால் மருந்தை உடனே நிறுத்திவிட வேண்டும். பத்தியம் முறிந்த உடம்பில் மருந்து போனால் அது திருப்பி அடிக்கும், விஷமாகும் என்பது நம்பிக்கை. என் அம்மாவே காமாலைக்கு மருந்து சாப்பிடும்போது எண்ணெய்ப் பலகாரம் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, மிச்ச மருந்தைக் குப்பையில் கொட்டினாள். அந்த வீட்டில் பிறந்தவன் நான். கன்னியம்மா என்ன செய்வாள் என்று இந்த உலகத்தில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமென்றால் அது எனக்குத்தான்.

அவள் மாதாமாதம் வந்தாள். வயிறு பெருத்துக்கொண்டு வந்தது. கூடவே முகமும் உப்பிக்கொண்டு வந்தது. குரல் மறுபடியும் கம்மிற்று, வாயாட்டம் நின்றது. பிள்ளைத்தாய்ச்சி வீக்கம் என்று நினைத்தேன். டாக்டரம்மா வெளியூர் முகாம்களில் அலைந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. அவளைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்த்து என்ன கேட்டேன் தெரியுமா? "மாத்திரை போடறியா?" என்று கேட்கவில்லை. "பத்தியம் காக்கறியா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு "ஆங் சார்" என்றாள். கவரைக் கொடுத்து அனுப்பினேன். ஐந்து மாதம் இப்படி.

எட்டாம் மாதத்தில் மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஆண் குழந்தை. வயிற்றுக்குள்ளேயே இறந்திருந்தது.

சாயங்காலம் டாக்டரம்மா அவள் கட்டிலருகில் உட்கார்ந்து, "மாத்திரை ஒழுங்கா போட்டியாம்மா?" என்று கேட்டார். கன்னியம்மா தலைமாட்டிலிருந்த துணிமூட்டையை மெதுவாக அவிழ்த்தாள். ஐந்து கவர்கள், என் கையால் மடித்தவை, மடிப்புக் கலையாமல் இருந்தன.

"பத்தியம் முறிஞ்சி பூடுச்சிம்மா. வூட்டுல கூயி தவிர இன்னா கீது? பட்னி கெடந்து பாத்தேன், ரெண்டு நாளு. வவுத்துல புள்ள ஒதச்சிக்கினே கெடந்துச்சி, குடிச்சிட்டேன். கூயி குடிச்ச வவுத்துல மாத்திர போட்டா புள்ளைக்கு ஆவாதேன்னு எடுத்து வெச்சிட்டேன். மய பெஞ்சி நெல்லு வந்தா மறுபடி போட்டுக்கலாம்னு."

பிள்ளைக்காகத்தான் நிறுத்தியிருக்கிறாள். கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றேன்.

"பத்தியமா? யாரு சொன்னது?" என்றார் டாக்டரம்மா.

கன்னியம்மா கவர்களை மறுபடி துணியில் முடிந்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மாமியார்தான் எழுந்து கத்தினாள்: "கம்பவுண்டரு படிச்சிப் படிச்சி சொன்னாரும்மா. இவளுக்கு நாக்கு அடங்கல. கூயி மேல ஆசப்பட்டு புள்ளைய துன்னுட்டா. நீங்களே சொல்லுங்க சார், கேவுரு தொடக்கூடாதுன்னு சொன்னீங்களா இல்லியா?"

வார்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழுமலை, கன்னியம்மாவின் புருஷன், அவனும் பார்த்தான்.

"சொன்னேன்" என்றேன்.

பொய்யே இல்லாத பதில். என் முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் அதைவிட அயோக்கியத்தனமான வார்த்தையை நான் பேசியதில்லை. சொன்னது தப்பு என்று அடுத்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. துண்டை எடுக்கிற சந்தை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். என் தலைக்கு வந்தது அவள் தலையில் போய் விழுந்தது.

டாக்டரம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"அவங்க வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க டாக்டர்."

"தெரியாம எதை நிறுத்தச் சொன்னீங்க?"

குழந்தை போனதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மாத்திரையை விட்டது சின்ன விஷயமும் இல்லை என்றார். "நான் சொன்னா அவங்க நம்பமாட்டாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. மெமோ கொடுத்திருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

மறுபடியும் மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கன்னியம்மா ஜன்னலுக்கு வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். விசாரித்தால், கூழைத் தொடுவதில்லையாம். கண்ட இடத்தில் கீரை பறித்து வேகவைத்துத் தின்கிறாளாம். எனக்குத் தாங்கவில்லை. ஜன்னலை விட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கேழ்வரகால் ஒன்றும் இல்லை, நான் சொன்னது அரைகுறைப் பேச்சு, கூழைக் குடி, கடலையைத் தின்னு, மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடாதே, தப்பு உன்மேல் இல்லை, என்மேல் என்றேன்.

அவள் அழவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இத எங்கிட்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? புள்ளைய துன்னவள்னு காலனியே சொல்லுது. அவருக்கு வேற பொண்ணு பாத்துக்கினு கீறாங்க, பெருநகர் கிராமத்துல. எங்க வூட்டாண்ட வந்து சொல்லுங்க. அத்தை காதுல வியுற மாதிரி சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பும்."

"ஞாயித்துக்கிழமை வரேம்மா" என்றேன்.

போனேன். போகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். காவாந்தண்டலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். இறங்கினதும் டீக்கடையில் இருந்த நாலு பேர் எழுந்து நின்றார்கள். "வாங்க கம்பவுண்டர் சார்" என்று பெஞ்சைத் துடைத்தார்கள். ஒருத்தர் தன் அப்பாவுக்கு மூட்டுவலி என்றார், மருந்து வாங்கியாகிவிட்டது, என்ன தின்னலாம் என்ன தின்னக்கூடாது என்று கேட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முகங்களுக்கு முன்னால் நடந்துபோய், நான் வாய்க்கு வந்ததைச் சொன்னவன் என்று ஒரு வீட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டும். சொன்னால் நாளைக்கு இந்தப் பெஞ்சை யார் துடைப்பார்கள்?

"உருளைக்கிழங்கு வேணாம்" என்றேன். என் வாய்தான் சொன்னது. டீயைக் குடித்தேன். வந்த பஸ்ஸே உத்திரமேரூருக்குத் திரும்பியது. ஏறிவிட்டேன்.

இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். தைராய்டு மாத்திரைக்கு வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடச் சொல்லுங்கள். காபியோ சாப்பாடோ அரைமணி, ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் இருந்தால் நாலு மணி நேரம் தள்ளச் சொல்லுங்கள். கர்ப்பமானால் உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். எதைத் தின்றாலும் மாத்திரையை விடாதே என்று சொல்லுங்கள், இரண்டு தரம் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் வீட்டில் என்ன சமையல் என்று கேளுங்கள். பத்தியம் கேட்டு நச்சரிப்பார்கள். இல்லை என்று சொல்லி அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். அதைத் தாங்க முடியாதவர்களுக்கு இந்த ஜன்னல் ஆகாது. எனக்கு ஆகவில்லை. முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கன்னியம்மா மாத்திரைக்கு வந்தாள். மாத்திரைகளை எண்ணிக் கவரில் போடுவதில் நான் ரொம்பக் கவனமாக இருந்தேன், தலை நிமிரவில்லை.

"நீங்க பஸ்ஸ வுட்டு எறங்கனத பாத்தேன் சார்" என்றாள்.

கவரை மடித்தேன்.

"அத்தைய வேலைக்கு போவவுடாம புடிச்சி ஒக்கார வெச்சிருந்தேன். அவரும் வூட்டுலதான் இருந்தாரு. பக்கத்து வூட்டு நாக்காலி கூட வாங்கியாந்து போட்டேன் உங்களுக்கு. டீ குடிக்கறாரு, இப்ப வந்துடுவாருன்னு சொல்லிக்கினே இருந்தேன்."

"கன்னியம்மா, நான்..."

"வுடுங்க சார். வைகாசில அவருக்கு கண்ணாலம்."

கவரை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். இரண்டு அடி போனவள் திரும்பி வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"அந்தப் பொண்ணு ஒரு நோவு நொடின்னு இந்த ஜன்னலாண்ட வந்து நிக்கும். அதுங்கிட்டயாச்சும் நெசத்த சொல்லுங்க சார்."